எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்ட் ஆக வேண்டுமா? வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, ‘ஆறே மாதத்தில் ஸ்கேன் டெக்னீசியன், வேலை உறுதி’ என்று சுவரெங்கும் நோட்டீஸ் ஏறிவிடும். குடியாத்தம், ஆம்பூர், ஆரணி என எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் அதைப் பார்க்கலாம். அதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வேலை கையால் கற்கும் வேலை. நோயாளியை நீங்களே நிற்க வைத்து, படுக்க வைத்து, எடுத்த படத்தை நீங்களே உற்றுப் பார்த்து, எது தவறியது என்று கண்டுபிடித்தால்தான் வரும். ஆகவே கோர்ஸின் பெயரையும் கட்டடத்தின் பளபளப்பையும் பார்த்துச் சேராதீர்கள். அங்கே ஒரு மாணவர் கையில் எத்தனை நோயாளிகள் வருவார்கள் என்பதைக் கேட்டுச் சேருங்கள்.

எந்தப் படிப்பு

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் படித்திருந்தாலும் சரி. அதற்கு மேல் இரண்டு பாதைகள் உண்டு.

பட்டப்படிப்பு என்றால் பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று ஆண்டு வகுப்பு, ஓர் ஆண்டு கட்டாயப் பயிற்சி, மொத்தம் நான்கு ஆண்டு. டிப்ளமோ என்றால் இரண்டு ஆண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ரேடியோ டயக்னோசிஸ் டெக்னாலஜி என்ற பெயரில் நடக்கிறது. வீட்டு நிலைமை அவசரப்படுத்தினால் டிப்ளமோ நல்ல வழிதான். வெளிநாடோ மேற்படிப்போ மனதில் இருந்தால் பட்டமே படியுங்கள். பாதியில் மாறுவது கஷ்டம்.

ரேடியோதெரபி டெக்னாலஜி வேறு படிப்பு. அது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் பிரிவு. மெடிக்கல் பிசிசிஸ்ட் ஆக விரும்புகிறவர்கள் பி.எஸ்சி. இயற்பியல் படிக்க வேண்டும். ரேடியோகிராபி பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. விண்ணப்பம் போடும்போது பலர் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

குறுகிய காலக் கோர்ஸ்களை எடைபோட ஓர் அளவுகோல் இருக்கிறது. துணை மருத்துவத் துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. கதிரியக்கப் படப் பிரிவும் அதன் பட்டியலில் உண்டு. டிப்ளமோ அளவிலான படிப்புக்கே குறைந்தது இரண்டு ஆண்டில் 2,000 மணி நேரம் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஆறு மாதச் சான்றிதழ் இந்தக் கணக்கில் எங்கேயும் நிற்காது. ‘அல்ட்ராசவுண்ட் எடுக்கவும் கற்றுத் தருகிறோம்’ என்று சொன்னால் இன்னும் உஷாராகுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்ய 1994-ஆம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி தகுதி பெற்ற மருத்துவருக்கு மட்டுமே உரிமை. டெக்னீசியன் செய்தால் குற்றம்.

வேலூரில் எங்கே

வடாற்காட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. எனும் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி. துணை மருத்துவப் படிப்புகள் அங்கே உண்டு. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், ஆந்திரா, வங்கதேசம் வரையிலிருந்து நோயாளிகள் வருவதால், வேறு ஊரில் புத்தகத்தில் மட்டும் பார்க்கும் நோய்களை இங்கே திரையில் பார்க்கலாம். சேர்க்கையை அவர்களே தனியாக நடத்துகிறார்கள். அந்தந்த ஆண்டின் விவரக்குறிப்பை வரிவரியாகப் படியுங்கள்.

அரசுப் பக்கம் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி, திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறையில் இருக்கிறது. அரசு இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் சென்னையில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து கவுன்சலிங் நடத்துகிறது. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கவுன்சலிங் வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

தனியார் கல்லூரியில் சேர்வதாக இருந்தால், பணம் கட்டுமுன் நேரில் போய் இவற்றைக் கேளுங்கள்: சொந்த மருத்துவமனை உண்டா, இல்லையென்றால் பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள்? ஒரு நாளைக்கு எத்தனை எக்ஸ்ரே, எத்தனை சி.டி.? எம்.ஆர்.ஐ. இருக்கிறதா? மாணவர்களுக்குத் தனித்தனி டி.எல்.டி. பேட்ஜ் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அட்டை) உண்டா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். பேட்ஜ் தராத கல்லூரி உங்களை எக்ஸ்ரே அறைக்குள் விடுவதில்லை. அல்லது பாதுகாப்பில்லாமல் விடுகிறது.

முதல் ஆண்டு

உடற்கூறியலும் இயற்பியலும்தான் அடித்தளம். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் எலும்புப் பெயர்களைக் கண்டு பயப்படுவார்கள். மனப்பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு விரலால் தொட்டுப் படியுங்கள். கழுத்தின் பின்னால் துருத்தி நிற்கும் முள், ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. தோள்பட்டை எலும்பின் கீழ் முனை, ஏழாவது மார்பு முள்ளெலும்பின் மட்டம். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்தால், அதன் நேர்கோடு நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே போகும். ஹாஸ்டலில் நண்பர்களின் உடம்பில் இதைப் பழகிக்கொண்டால் எக்ஸ்ரே மேஜையில் கை தானாகப் போகும். பருமனான நோயாளியிடம் கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

இயற்பியலில் மூன்று கணக்குகளை எப்போதும் தலையில் வைத்திருங்கள்.

ஒன்று, எம்.ஏ.எஸ். என்பது மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்குவது. 100 மில்லி ஆம்பியர், 0.1 விநாடி என்றால் 10 எம்.ஏ.எஸ். அதே 10-ஐ 200 மில்லி ஆம்பியரில் 0.05 விநாடியில் எடுத்தால், அசையும் குழந்தையும் படத்தில் கலங்காது.

இரண்டு, தூரம். கதிரின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். 100 செ.மீ.-இல் 5 எம்.ஏ.எஸ். போதுமானது என்றால், 180 செ.மீ.-க்கு 1.8-இன் வர்க்கமான 3.24-ஆல் பெருக்கி, ஏறக்குறைய 16 எம்.ஏ.எஸ். வேண்டும்.

மூன்று, 15 விழுக்காட்டு விதி. கே.வி.-யை, அதாவது டியூபுக்குக் கொடுக்கும் கிலோவோல்ட் மின்னழுத்தத்தை, 15 விழுக்காடு ஏற்றினால் டிடெக்டரை (கதிரை வாங்கிப் படமாக்கும் பலகையை) சேரும் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். 70-லிருந்து 80-க்குப் போனால் எம்.ஏ.எஸ்.-ஐப் பாதியாக்கலாம்.

தொடக்கத்துக்கு: கைக்கு 50 முதல் 55 கே.வி., முழங்காலுக்கு 60 முதல் 65, இடுப்பு முதுகெலும்பு நேர்ப்படத்துக்கு 75 முதல் 80, பக்கவாட்டுக்கு 85 முதல் 90. இவை வழிகாட்டும் எண்கள் மட்டுமே. ஒவ்வொரு மிஷினுக்கும் குணம் வேறு. பயிற்சிக்குப் போன இடத்தின் சார்ட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மார்பு எக்ஸ்ரே: இதைச் சரியாகக் கற்றால் பாதி வேலை கற்றாகிவிட்டது

எந்த மருத்துவமனையிலும் அதிகம் எடுப்பது இதைத்தான், அதிகம் கெடுவதும் இதுதான். எளிது என்ற நினைப்பே காரணம்.

முதலில் ஆளைச் சரிபாருங்கள். ‘நீங்கதானே லட்சுமி?’ என்று கேட்டால், பதற்றத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் ‘ஆமாம்’ என்பார். ‘உங்க பேரு என்னம்மா? எந்த ஊரு?’ என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிறகு மருத்துவமனை எண்ணை ஒப்பிடுங்கள்.

அடுத்தது உடம்பின் மேலிருப்பவை. நீளமான சடை தோளில் முன்பக்கமோ பின்பக்கமோ கிடந்தால் நுரையீரலின் மேல்பகுதியில் நிழல் விழும்; அது காசநோய்த் தழும்பு போலவே தெரியும். சடையைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்லுங்கள். ஜாக்கெட்டின் ஊக்கு, கொக்கி, தாயத்து எல்லாம் வெளியே. தாலியைக் கழற்றச் சொன்னால் பலர் மறுப்பார்கள், வற்புறுத்த வேண்டாம். மஞ்சள் கயிறோ சங்கிலியோ, மேலே தூக்கி முகவாய்க்கு மேல் பற்களால் பிடித்துக்கொள்ளச் சொன்னால் படத்துக்குள் வராது. வயிற்று எக்ஸ்ரேயில் வெள்ளி அரைஞாணும் அதில் கோத்த தாயத்தும் இதே சிக்கலைத் தரும். கல் இருக்குமிடத்தில் விழுந்தால் மருத்துவர் குழம்பிப்போவார்.

கதிர் வெளிவரும் டியூபை 180 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். நோயாளியின் மார்பு டிடெக்டரை ஒட்டி இருக்க வேண்டும். கதிர் முதுகிலிருந்து வரும். இதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால், டிடெக்டருக்கு அருகில் வைத்தால் நிழல் பெரிதாகாது. முகவாயை மேலே தூக்கி, புறங்கையை இடுப்பில் வைத்து, முழங்கையை முன்னால் தள்ளச் சொல்லுங்கள். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். மையம் தோள்பட்டையின் கீழ் முனை மட்டத்தில். கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் தட்டு) இருந்தால் 110 முதல் 125 கே.வி., இல்லையென்றால் 70 முதல் 80.

முதல் மூச்சில் எடுக்காதீர்கள். ஒருமுறை இழுத்து விட்டு, இரண்டாம் முறை ஆழமாக இழுத்துப் பிடிக்கும்போது எடுங்கள். இரண்டாம் மூச்சில் நுரையீரல் கூடுதலாக விரியும்.

படம் வந்ததும் உடனே ‘அடுத்து’ என்று கூப்பிடாதீர்கள். உதரவிதானத்துக்கு மேல் பின்பக்க விலா எலும்புகளை எண்ணுங்கள். ஒன்பது அல்லது பத்து தெரிய வேண்டும். ஆறு ஏழுதான் தெரிகிறது என்றால் மூச்சு போதவில்லை. அந்தப் படத்தில் இதயம் வீங்கியது போலவும் அடிப்பகுதி நிமோனியா போலவும் தோன்றும். இல்லாத நோய்க்கு மருந்து ஏறும். காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பின் முள்ளுக்கு இருபுறமும் சம தூரத்தில் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் ஆள் திரும்பி நின்றிருக்கிறார். ஒரு நுரையீரல் மற்றதைவிடக் கறுத்திருக்கும். மேலே உச்சியும் கீழே இரண்டு ஓரக் கோணங்களும் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும்.

வலது, இடது காட்டும் ஈய எழுத்தான மார்க்கரைப் படம் எடுக்கும்போதே வையுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் ‘ஆர்’ அல்லது ‘எல்’ போட்டுக்கொள்ளலாம் என்ற பழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. இது ஆபத்தானது. படம் இடவலமாகப் புரண்டிருந்தாலும் கண்டுபிடிக்க வழியிருக்காது. இடது பக்கத்துக்குப் பதில் வலது பக்கம் குழாய் போட்டுவிடுவார்கள். ஈய மார்க்கரில் உங்கள் பெயரின் முதலெழுத்தும் இருக்கட்டும்.

மொழி

வேலூரில் பயிலும் யாரும் தமிழோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மூச்சுக் கட்டளை புரியாத நோயாளியிடம் நல்ல படம் வராது. இந்தியில் ‘லம்பி சாஸ் லீஜியே… ரோக்கியே… சோடியே’. தெலுங்கில் ‘ஊபிரி பீல்சண்டி… பிகபட்டண்டி… வதலண்டி’. வங்காளத்தில் ‘நிஷ்ஷாஷ் நின்… தோரே ராகுன்… சாருன்’. உடன் வந்தவரிடமோ சீனியரிடமோ சொல்லிக் காட்டி உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். கட்டளைக்கு முன் நீங்களே மூச்சை இழுத்துப் பிடித்துக் காட்டுங்கள். காது கேளாத தாத்தாவுக்கும் அதுவே வழி.

இளம் பெண்களுக்கு வயிறு, இடுப்புப் படம் எடுக்குமுன் கர்ப்பமா என்று கேட்டே ஆக வேண்டும். மாமியார் முன்னாலோ கணவர் முன்னாலோ கேட்டால் உண்மை வராது. தனியே அழைத்து, ‘கடைசியா தலைக்கு ஊத்திக்கிட்டது எப்பம்மா?’ என்று மெதுவாகக் கேளுங்கள். நாள் தள்ளியிருந்தால் எடுப்பதை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விபத்து கேஸ்

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை நம் மாவட்டங்களுக்குள் போகிறது. இரவு டூட்டியில் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. கழுத்துப் பட்டையோடு வந்தவரின் பட்டையைப் படத்துக்காகக் கழற்றாதீர்கள். மருத்துவர் சொன்னால் மட்டுமே. படுத்தபடியே, டியூபைப் பக்கவாட்டில் திருப்பி கழுத்தை எடுங்கள். ஏழாவது கழுத்து முள்ளெலும்பும் அதன் கீழ் முதல் மார்பு முள்ளெலும்பும் சேருமிடம் தெரியாத படம் முழுமையான படம் ஆகாது. தோள் மறைத்தால் ஒரு கையை மேலே தூக்கி எடுக்கும் நிலையைச் சீனியரோடு நின்று செய்யுங்கள்.

கை, கால் எலும்புக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு படம் வேண்டும். ஒரு கோணத்தில் மறைந்த முறிவு மற்றதில் தெரியும். நீண்ட எலும்பு என்றால் மேல் மூட்டும் கீழ் மூட்டும் சேர்ந்து வர வேண்டும்.

கதிர்வீச்சும் நீங்களும்

டெக்னாலஜிஸ்டுக்கு வரும் டோஸில் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவில்) பெரும்பங்கு நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிரிலிருந்து வருகிறது. நோயாளியிடமிருந்து 1 மீட்டர் தள்ளி நின்றால், அவர் மேல் விழும் கதிரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உங்களை வந்து சேரும். இன்னும் ஓரடி பின்னால் போவது இலவசப் பாதுகாப்பு. போர்ட்டபிள் மிஷினின் சுவிட்ச் வயரை முழுதாக இழுத்துக்கொண்டு போய் அழுத்துங்கள்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்த வரம்பு: ஐந்து ஆண்டுகளின் சராசரி, ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட் (டோஸின் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. 18 வயது நிரம்பாதவரைக் கதிர்வீச்சுப் பணியில் அமர்த்தக் கூடாது. 16 வயதைக் கடந்த பயிற்சி மாணவருக்கு ஆண்டுக்கு 6 மில்லி சீவர்ட் வரம்பு. ஒழுங்காக வேலை செய்யும் எக்ஸ்ரே பிரிவில் இந்த அளவுகளுக்கு வெகு கீழேதான் இருப்பீர்கள். ஆகவே பயந்து ஒதுங்கத் தேவையில்லை, அலட்சியத்துக்கும் இடமில்லை.

டி.எல்.டி. பேட்ஜை மார்பு உயரத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்புவார்கள். ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போனால், நீங்கள் வாங்காத டோஸ் உங்கள் கணக்கில் ஏறும், விசாரணை வரும். உங்களுக்கே எக்ஸ்ரே எடுக்கும்போது அதைக் கழற்றி வையுங்கள். ஏப்ரனை மடித்து வைக்காதீர்கள். மடிப்பில் ஈயம் விரிசல் விடும், வெளியே தெரியாது.

குழந்தையையோ முதியவரையோ பிடிக்க நேர்ந்தால் நீங்கள் பிடிக்கக் கூடாது. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் என்று ஆண்டு முழுதும் அது உங்கள் மேல் சேரும். கர்ப்பமில்லாத உறவினருக்கு ஏப்ரன் போட்டு, முதன்மைக் கதிரில் கை படாமல் பிடிக்கச் சொல்லுங்கள்.

டிஜிட்டல் மிஷின் வந்த பிறகு ஒரு புதுக் கெட்ட பழக்கம் சேர்ந்துவிட்டது. டோஸ் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும், நீங்கள் திட்டு வாங்குவீர்கள். கூடினால் படம் அழகாகவே வரும், யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் கை தானாக எம்.ஏ.எஸ்.-ஐ ஏற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு படத்திலும், டிடெக்டரைச் சேர்ந்த கதிரின் அளவைக் காட்டும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணைப் பார்த்தால்தான் இது பிடிபடும். அகலமாகக் கதிரைத் திறந்து எடுத்துவிட்டுப் பிறகு திரையில் ஓரத்தை வெட்டுவதும் அப்படித்தான். படம் சுத்தமாகத் தெரியும், நோயாளி வாங்கியது வாங்கியதுதான்.

சி.டி., எம்.ஆர்.ஐ.

எக்ஸ்ரேயில் கை படிந்த பிறகே இவற்றுக்குப் போங்கள். சி.டி.-யில் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயும் உறுப்பும் படத்தில் பளிச்சென்று தெரியச் செய்யும் மருந்து) ஊசி போடுமுன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு, பழைய அலர்ஜி, சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் எடுக்கிறாரா ஆகியவற்றைப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தக்குழாய் ஸ்கேனுக்கு விநாடிக்கு 4 மில்லி வரை மருந்து பாயும். முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் ஊசி வேண்டும். முதலில் சலைன் செலுத்தி வீக்கம் வருகிறதா என்று தொட்டுப் பாருங்கள். ‘உடம்பெல்லாம் சூடாகும், ஒண்ணுக்கு வந்துட்ட மாதிரி இருக்கும், ஆனா வராது’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நோயாளி திடுக்கிட்டு அசைவார்; ஸ்கேன் வீண்.

எம்.ஆர்.ஐ. அறையில் காந்தம் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். ஸ்கேன் நடக்காதபோதும், கரண்ட் போனபோதும். பல மிஷின்களின் காந்த வலிமையான 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்கு. ஆக்சிஜன் சிலிண்டரும் சாதாரண ஸ்ட்ரெச்சரும் வாசலோடு நிற்க வேண்டும். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாய்க் கிளிப், செவியில் பொருத்திய கருவி பற்றி எல்லாரிடமும் கேட்கிறோம். ராணிப்பேட்டை பெல், சிப்காட் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: வெல்டிங் அல்லது கிரைண்டிங் வேலை செய்தீர்களா, கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததா? ஆம் என்றால் மருத்துவரிடம் சொல்லி முதலில் கண்குழி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ரிப்பீட் நோட்டு

பயிற்சி ஆண்டில் ஒரு நோட்டு போடுங்கள். திரும்ப எடுக்க நேர்ந்த ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: எந்தப் பகுதி, ஏன் கெட்டது, இரண்டாம் முறை எதை மாற்றினீர்கள். காரணங்கள் ஐந்துக்குள் அடங்கும்: நிலை தவறு, அசைவு, எக்ஸ்போஷர் தவறு, மேலே கிடந்த பொருள், பக்கமோ ஆளோ மாறியது. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் உங்கள் பலவீனம் எங்கே என்று கண்முன் நிற்கும். பெரும்பாலும் அது நிலை தவறாகத்தான் இருக்கும், முழங்கால் பக்கவாட்டுப் படத்திலும் முழங்கை பக்கவாட்டுப் படத்திலும். சீனியரிடம் ‘எனக்கு எல்லாம் வருகிறது’ என்று காட்டிக்கொள்வதைவிட இந்த நோட்டைக் காட்டுவது மேல்.

நோயாளி ‘என்ன தெரியுது, சொல்லுங்க தம்பி’ என்று கேட்பார். சொல்லாதீர்கள். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டரின் பொறுப்பு. ஆனால் நுரையீரல் சுருங்கியது போல உயிருக்கு ஆபத்தானது ஏதாவது கண்ணில் பட்டால், வரிசையில் விடாமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வேலை

அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைக் கவனியுங்கள். எந்தப் படிப்பு தகுதி என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் தனியாகப் படியுங்கள். தனியார் ஸ்கேன் சென்டரில் சேர்வதானால், கிடைக்கும் முதல் இடத்தில் சம்பளத்தைவிட மிஷின்களின் வகையைப் பாருங்கள். ஒரே எக்ஸ்ரே அறையில் மூன்று ஆண்டு இருந்தவருக்குச் சி.டி. கதவு எளிதில் திறக்காது. பிரிட்டன் போக நினைப்பவர்கள் அங்குள்ள சுகாதாரப் பணியாளர் கவுன்சிலில் பதிய வேண்டும். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையாமல் கேட்கிறார்கள். வளைகுடா நாடுகள் சான்றிதழ்களைக் கல்லூரி வரை சென்று சரிபார்க்கும். அதனால் மதிப்பெண் பட்டியல், பயிற்சிச் சான்று, அனுபவக் கடிதம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள்.

வேலை மாறும்போது பழைய இடத்திலிருந்து டி.எல்.டி. தனிநபர் எண்ணையும் டோஸ் பதிவையும் எழுதி வாங்கிக்கொண்டு, புது இடத்தில் சேரும் நாளிலேயே கொடுங்கள். புது எண் போட்டுவிட்டால் முந்தைய ஆண்டுகளின் கணக்கு உங்கள் பெயரில் தொடராது.